வேலை போன வருஷத்து வரிப்பணம்

2024 ஜூலை முதல் வாரம். காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சார்ஸிலிருந்து, அதாவது இங்கே தென்னாப்பிரிக்காவின் வரித் துறையிலிருந்து, ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. என் வருமான வரியை அவர்களே கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள், அவர்களுடைய ஈஃபைலிங் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றது. மாலை வந்து பார்த்தேன். எனக்கு 18,108 ரேண்ட் திரும்ப வரவேண்டும் என்று இருந்தது. இரண்டு மூன்று நாளில் பணம் வங்கிக்கே வந்துவிட்டது.

வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்து, வாங்கிய கைமாற்றெல்லாம் அப்படியே நிற்கிற நேரத்தில் கேட்காமலே இவ்வளவு பணம். அத்தோடு விட்டிருப்பேன். விட்டிருந்தால் இன்னொரு 14,538 ரேண்ட் எனக்கு வராமலே போயிருக்கும். அதைக் கண்டுபிடித்ததும் வாங்கியதும் எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். டர்பனில் நம்மவர்களில் வேலை போனவர்கள் நிறைய. அவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தக் காகிதங்களைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அது எனக்கு மனசு ஆறவில்லை.

நான் வேலூர்ப் பக்கத்துப் பெண். 2007-ல் கல்யாணமாகி டர்பனில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தேன். 2009 ஜூலையில் ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு சின்னத் துணி கம்பெனியில் கொள்முதல் பிரிவில் சேர்ந்தேன். டர்பனில் தையல், செருப்பு ஃபேக்டரிகள்தான் ஒரு காலத்தில் நம் வீட்டுப் பெண்களுக்குச் சோறு போட்டன. 1990-களில் இறக்குமதி வரியைக் குறைத்து வெளிநாட்டுத் துணிக்குக் கதவைத் திறந்தபோது அவை ஒன்றொன்றாக மூடின. என் கணவரின் சித்தி அப்போதே வேலை இழந்தவர். நான் சேர்ந்தது தப்பிப் பிழைத்த கம்பெனிகளில் ஒன்று. நாற்பது பேர்தான். பென்ஷன் ஃபண்டும் மெடிக்கல் எய்டும் கிடையாது, ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் தவறாது. 2023-ல் அதற்கும் நேரம் வந்துவிட்டது. ஜூன் மாதம் எல்லார் கையிலும் ஒரு கடிதம் கொடுத்தார்கள். தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி கலந்து பேசப் போகிறோம் என்று எழுதியிருந்தது. பேசினார்கள். ஆகஸ்ட் 31-ஆம் தேதி பன்னிரண்டு பேர் வெளியே வந்தோம்.

அப்போது என் சம்பளம் மாதம் 25,000 ரேண்ட். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் தரவேண்டும் என்று இங்கே அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம் சொல்கிறது. எனக்குப் பதினான்கு வருஷம். பதினான்கு வாரச் சம்பளம் 80,769 ரேண்ட். நோட்டீஸ் காலம் முழுக்க வேலை செய்துவிட்டேன், விடுப்பையும் எடுத்து முடித்திருந்தேன். அதனால் வேறு பாக்கி எதுவும் இல்லை. கைக்கு வந்ததோ 59,000-த்துச் சொச்சம்தான். மீதி 21,500-க்கு மேல் வரி என்றார்கள். வரி என்றால் வரிதானே என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த மனநிலையில் யாரிடமும் எதையும் கேட்கத் தோன்றவில்லை.

வேலை போவதில் பணத்தைவிடப் பெரிய ஒரு சங்கடம் இருக்கிறது. கோயிலில் யாராவது "எங்கே வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாமாக ஏதோ தப்பு செய்துவிட்டது மாதிரி இருக்கும். அந்தக் கூச்சத்தோடு லேபர் ஆபீஸ் வரிசையில் போய் நின்றேன். கையில் ஐடி, வங்கிக்காரர் முத்திரை போட்ட படிவம், கம்பெனி கொடுத்த யூ.ஐ.19 என்ற வேலை விவரப் படிவம். இந்த யூ.ஐ.19-ஐ வாங்கிய இடத்திலேயே படித்துவிடுங்கள். வேலையை விட்டதற்கான காரணம் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். ஆட்குறைப்பு என்று இருந்தால் யூ.ஐ.எஃப். பணம், அதாவது வேலை இழந்தோருக்கான காப்பீட்டு நிதிப் பணம், உண்டு. தானாக விலகினார் என்று இருந்தால் கிடையாது. எங்களோடு வந்த ஒரு அக்காவுக்கு அந்தக் கட்டத்தில் தவறான எண் போட்டிருந்தார்கள். வாசலிலிருந்தே திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

யூ.ஐ.எஃப். பிச்சைக்காசு இல்லை, நாம் கட்டிய பணம். சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று நம்மிடம் பிடிப்பார்கள், அதே அளவு முதலாளியும் போடுவார். ஆனால் கணக்குக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது, மாதம் 17,712 ரேண்ட். அதற்கு மேல் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் பிடித்தம் 177 ரேண்ட் 12 சென்ட்தான். தரும்போதும் அதே உச்சவரம்புதான். குறைந்த சம்பளக்காரருக்கு அறுபது சதவீதம் வரை தருவார்கள், சம்பளம் ஏற ஏற அது குறைந்து முப்பத்தெட்டில் நிற்கும். எனக்கு முப்பத்தெட்டு. அதாவது மாதம் 6,700 ரேண்ட் வாக்கில். 25,000 வந்த வீட்டில் 6,700. கணவர் பஸ் ஓட்டுகிற சம்பளத்தில் வீட்டுக் கடன் போக, மளிகைக்கும் கரண்டுக்கும் அதை வைத்துத்தான் சமாளித்தோம். மாதாமாதம் போய் இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். 2024 மே மாதம் கிளேர்வுட்டில் வேறு வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவு. ஆனாலும் வேலை.

சரி, வரிக்கு வருகிறேன்.

இங்கே வரி வருஷம் மார்ச் 1-ல் தொடங்கி பிப்ரவரி கடைசியில் முடியும். கம்பெனி மாதாமாதம் வரி பிடிக்கும்போது, இந்த ஆள் வருஷம் முழுக்க இதே சம்பளம் வாங்குவார் என்று வைத்துத்தான் கணக்குப் போடும். 25,000-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 3 லட்சம். அந்த 3 லட்சத்துக்கான வரியைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 3,483 ரேண்ட் பிடித்தார்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத்தில் 20,898 ரேண்ட். ஆனால் நான் அந்த வருஷம் சம்பாதித்ததே ஒன்றரை லட்சம்தான். ஒன்றரை லட்சத்துக்கு வரி எவ்வளவு? முதல் படியில் நூற்றுக்குப் பதினெட்டு, 27,000. அதில் எல்லாருக்கும் உள்ள கழிவு 17,235. மீதி 9,765. பிடித்தது 20,898, கட்டவேண்டியது 9,765. மிச்சம் 11,133 ரேண்ட் என் பணம்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மாதச் சம்பளத்தில் வரி பிடிக்கிற முறையே அப்படித்தான். பிப்ரவரிக்கு முன் வேலை போனவர், அதன் பிறகு அந்த வருஷத்தில் சம்பாதிக்காதவர் யாராக இருந்தாலும், வரி பிடித்திருந்தால் கட்டியது கூடுதலாகத்தான் இருக்கும். அந்த வரி வருஷத்தில் 95,750 ரேண்டுக்குக் கீழே சம்பாதித்தவருக்கு வரியே கிடையாது. மாதம் 15,000 வாங்கி ஐந்து மாதத்தில் வேலை போன பெண்ணுக்கு, பிடித்த ஒவ்வொரு சென்ட்டும் திரும்பி வரவேண்டும். ஆனால் ஒரு வழக்கம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. ஒரே முதலாளியிடம் 5 லட்சத்துக்குள் சம்பளம் வாங்கியவர்களில் பலர் கணக்குத் தாக்கல் செய்யத் தேவையில்லை என்பது விதி. அதைக் கேட்டு, நமக்கு வேலையில்லை என்று இருந்துவிடுகிறோம். தேவையில்லை என்பதற்கு, பணம் வரவேண்டியிருந்தாலும் கேட்காதே என்று அர்த்தம் இல்லை. இப்போது சார்ஸ் பலருக்குத் தானே கணக்குப் போட்டுப் பணத்தை அனுப்பிவிடுகிறது. அது நல்ல விஷயம். ஆனால் அந்தக் கணக்கு, கம்பெனி கொடுத்த விவரத்தின் மேல் நிற்கிற கணக்கு. கம்பெனி தப்பாகக் கொடுத்தால் கணக்கும் தப்பாகத்தான் வரும்.

இன்னொரு பயமும் பலருக்கு இருக்கிறது. எட்டு மாதம் யூ.ஐ.எஃப். வாங்கினோமே, அதையும் வருமானத்தில் சேர்த்து வரி போட்டுவிடுவார்களோ, நாமாகப் போய்க் கேட்டால் இருப்பதும் போய்விடுமோ என்று. போகாது. யூ.ஐ.எஃப். உதவித்தொகைக்கு இந்த நாட்டில் வருமான வரி இல்லை, சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. நான் வாங்கிய பணத்தால் என் வரி ஒரு சென்ட் ஏறவில்லை.

இனி அந்த 14,538.

பதினான்கு வருஷம் எனக்கு வேலையே பில் சரிபார்ப்பதுதான். ஜிப் எத்தனை டஜன், நூல் எத்தனை பெட்டி, போன மாத விலை என்ன, இந்த மாதம் ஏன் கூடியிருக்கிறது. அந்தப் பழக்கத்தில், பணம் வந்த பிறகும் ஐ.ஆர்.பி.5-ஐ எடுத்துச் சமையலறை மேஜையில் விரித்தேன். வருஷ முடிவில் கம்பெனி தருகிற சம்பள, வரிச் சான்றிதழ் அது. ஒரு பக்கம்தான். இடது பக்கம் நாலு இலக்க எண், வலது பக்கம் தொகை. 3601-க்கு எதிரே 150,000. அது சம்பளம், சரி. 4102-க்கு எதிரே 42,411. அது பிடித்த மொத்த வரி, சம்பளச் சீட்டுகளைக் கூட்டினால் ஒத்துப்போகிறது. 4141, யூ.ஐ.எஃப். பிடித்தம். அப்புறம் 3605, அதற்கு எதிரே 80,769.

80,769 என்ற எண்ணை எந்தத் தூக்கத்திலும் சொல்லுவேன். பதினான்கு வருஷத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது. ஆனால் 3605 என்றால் என்ன? சார்ஸ் இணையதளத்தில் இந்த எண்களுக்கெல்லாம் பட்டியல் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒருமுறை தரும் தொகை, போனஸ் மாதிரி. ஆட்குறைப்புக்காகத் தரும் பணத்துக்கு எண் வேறு, 3901.

இந்த ஒரு எண்ணில்தான் எல்லாம் இருந்தது. ஆட்குறைப்புப் பணத்துக்குச் சம்பள வரி கிடையாது. அதற்குத் தனி அட்டவணை. 2023 மார்ச் 1 முதல், ஒரு மனிதரின் வாழ்நாளில் முதல் 550,000 ரேண்டுக்கு வரியே இல்லை. அதற்கு முன் 500,000-மாக இருந்தது. அந்த அளவைத் தாண்டினால்தான் பதினெட்டு சதவீதத்தில் தொடங்கும். வாழ்நாளில் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓய்வு பெறும்போது மொத்தமாக எடுக்கிற பணத்துக்கும் இதே 550,000-தான். இன்று இங்கே செலவான அளவு அங்கே குறையும். எனக்கு இன்னும் 469,000 மிச்சம் இருக்கிறது.

ஆனால் இந்த விலக்கு தானாக வராது. பணத்தைக் கொடுக்கும் முன் கம்பெனி சார்ஸுக்கு எழுதி, இந்தத் தொகைக்கு எவ்வளவு வரி பிடிக்கவேண்டும் என்று ஒரு உத்தரவு வாங்கவேண்டும். டைரெக்டிவ் என்பார்கள். எங்கள் கம்பெனி அதை வாங்கவேயில்லை. போனஸ் கட்டத்தில் போட்டு, போனஸ் மாதிரி வரி பிடித்துக் கட்டிவிட்டது. சார்ஸும் அந்தக் காகிதத்தைப் பார்த்து, இவருக்கு இந்த வருஷம் 230,769 வருமானம் என்று கணக்குப் போட்டது. அதன்படி வரி 24,303. பிடித்த 42,411-ல் அது போக மீதி 18,108. ஒழுங்காகப் போட்டிருந்தால் வரி அதே 9,765-தான், திரும்ப வரவேண்டியது 32,646. காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் 14,538 ரேண்ட் 42 சென்ட். மகனின் ஒரு வருஷப் பள்ளிக்கூடச் செலவு.

அத்தை எதிரே உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். அவர் இங்கேயே பிறந்தவர். அவருடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து மதராஸ் வந்து கப்பலேறி, ஒப்பந்தக் கூலியாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். அத்தையின் தமிழ் நான் சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பாட்டிமாரிடம் கேட்ட அதே தமிழ். "சர்க்காரு வாங்கின காசு திரும்பி வராது கண்ணு. வந்ததை வெச்சிக்க" என்றார்.

அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் நேட்டாலிலேயே, அதாவது டர்பன் இருக்கும் இந்தப் பகுதியிலேயே, தங்கியவர்கள் மேல் 1895-ல் தலைக்கு மூன்று பவுன் வருஷ வரி என்று சட்டம் போட்டார்கள். பிறகு பிள்ளைகளையும் சேர்த்தார்கள். பதினாறு வயது ஆண், பதின்மூன்று வயதுப் பெண். தோட்டத்தில் முதல் வருஷக் கூலி மாதம் பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங், ஆறு மாதக் கூலி. கட்ட முடியாதவர்கள் மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள். அதற்காகத்தான் அந்த வரி. 1913-ல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்த பிறகு, 1914-ல்தான் அதை எடுத்தார்கள். அத்தையின் தாத்தா அந்த வரி கட்டியவர். வரி என்ற சொல்லைக் கேட்டாலே அந்த வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேசுவார்களாம். மூன்று தலைமுறை தாண்டி, நான் ஒரு காகிதத்தை விரித்து வைத்துக் கணக்குப் போட்டால், எதிரே உட்கார்ந்தவருக்கு அதே பயம் வருகிறது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தப் பணத்தை விட எனக்கு மனசில்லை.

மறுநாளே அப்பாயின்ட்மென்ட் போட்டு, அடுத்த வாரம் சார்ஸ் கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் காகிதத்தைப் பொறுமையாகப் பார்த்தார். "சகோதரி, நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஐ.ஆர்.பி.5-ல் இருக்கிற எண்ணை நாங்களும் மாற்ற முடியாது, நீங்களும் மாற்ற முடியாது. கம்பெனிதான் டைரெக்டிவ் வாங்கி, திருத்திய சான்றிதழ் அனுப்பவேண்டும்" என்றார். அக்டோபர் 21 கடைசி நாள், அதற்குள் திருத்திய சான்றிதழை வைத்து நீங்களே கணக்குத் தாக்கல் செய்யுங்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை. இன்னொன்று போட்டேன். "உங்களுக்குத்தான் ரீஃபண்ட் வந்துவிட்டதே" என்று ஒரு வரி வந்தது. மூன்றாவதற்கு அதுவும் இல்லை. சாட்ஸ்வொர்த்திலேயே ஒரு வரி ஆலோசகரிடம் போய்க் கேட்டேன். வருகிற பணத்தில் கால் பங்கு தந்தால் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அதற்குள் ஆடி மாதம். இங்கே ஆடி ஞாயிறு என்றால் எந்த மாரியம்மன் கோயிலிலும் கூழ் ஊற்றுவார்கள். போரிஜ் பிரேயர் என்று ஊரே சொல்லும். ஜூலை கடைசி ஞாயிறு எங்கள் தெருக் கோயிலில் கூழ். விடியற்காலையிலேயே அண்டாவை ஏற்றிவிட்டோம். துடுப்பை ஒரு ஆள் கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்க முடியாது, மாற்றி மாற்றிக் கிண்ட வேண்டும். புகை கண்ணைக் கரிக்க, வேப்பிலைக் கொத்தும் வெங்காயமும் மோரும் ஒரு பக்கம் தயாராகிக்கொண்டிருந்தன. என்னோடு வேலை போன பன்னிரண்டு பேரில் நான்கு பேர் அங்கே இருந்தார்கள். ஒரு அக்கா துடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "அக்கா, உங்களுக்கு வரிப்பணம் திரும்பி வந்ததா?"

"வந்துச்சும்மா. ஆறாயிரம். பிரிட்ஜ் ரிப்பேருக்குக் கொடுத்துட்டேன்."

"உங்க ஐ.ஆர்.பி.5-ல 3605-னு ஒரு நம்பர் இருக்கா?"

அவருக்கு ஐ.ஆர்.பி.5 எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அவர் மகள் அம்மாவின் போனை வாங்கி, மெயிலில் தேடி எடுத்துக் கொடுத்தாள். இருந்தது. 3605, ஐம்பத்தோராயிரத்துச் சொச்சம். அடுத்தவர் போனிலும் அதே 3605. மூன்றாமவர் வீட்டுக்கு ஓடிப்போய்க் காகிதத்தையே கொண்டுவந்தார். அடுப்படிப் பலகையில் நான்கு காகிதத்தை வரிசையாக வைத்துப் பார்த்தோம். நான்கிலும் ஒரே தப்பு. இருபத்திரண்டு வருஷம் மெஷினில் உட்கார்ந்து காலர் தைத்த அக்கா அவர். "அப்போ என் காசு அங்கே கிடக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். துடுப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அது புகையா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

தனியாகப் போட்ட மெயிலுக்கும் ஐந்து பேராகப் போய் நின்றதற்கும் வித்தியாசம் அந்த வாரமே தெரிந்தது. வியாழக்கிழமை மதியம் ஐந்து பேரும் கம்பெனி வாசலில் நின்றோம். சண்டை போடவில்லை. ஆட்குறைப்புக் கடிதத்தின் நகல், ஐ.ஆர்.பி.5, சார்ஸ் பெண் எழுதிக் கொடுத்த சீட்டு, எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கணக்காளரிடம் கொடுத்தோம். அவர் சின்னப் பையன், நாங்கள் வெளியே வந்த பிறகு சேர்ந்தவர். அவர் முகத்தைப் பார்த்தால் டைரெக்டிவ் என்ற சொல்லையே அன்றுதான் கேட்பது மாதிரி இருந்தது. முதலாளி உள்ளேயிருந்து வந்து, ஒரு வருஷம் கழித்து இதெல்லாம் செய்ய முடியுமா என்றார். செய்ய முடியும், இது சட்டப்படி நீங்கள் செய்யவேண்டிய வேலை, உங்கள் கையிலிருந்து ஒரு ரேண்ட் போகாது, சார்ஸ் பிடித்து வைத்திருக்கிற எங்கள் பணத்தைத்தான் கேட்கிறோம் என்று சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். தன் பணம் போய்விடுமோ என்றுதான் அவர் அதுவரை பயந்திருக்கிறார்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் திருத்திய சான்றிதழ் வந்தது. 3605 இல்லை. 3901, அதற்கு எதிரே 80,769, பக்கத்தில் டைரெக்டிவ் எண். ஈஃபைலிங்கில் கணக்கைத் திறந்தேன், புதிய விவரம் வந்து உட்கார்ந்திருந்தது. 18-ஆம் தேதி தாக்கல் செய்தேன். இரண்டு நாளில் ஒரு கடிதம், உங்கள் கணக்கு சரிபார்ப்புக்கு எடுக்கப்பட்டிருக்கிறது என்று. இதைப் பார்த்து யாரும் பயப்படவேண்டாம். முன்பு ஒரு தொகை, இப்போது வேறு தொகை என்றால் ஏன் என்று கேட்கத்தானே செய்வார்கள். ஆட்குறைப்புக் கடிதம், யூ.ஐ.19, கடைசிச் சம்பளச் சீட்டு, இரண்டு ஐ.ஆர்.பி.5, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினேன். கேட்ட காகிதம் முழுக்கக் கைக்கு வந்ததிலிருந்து இருபத்தொரு வேலை நாள் எடுத்துக்கொள்வார்கள். போட்டோ எடுத்து அனுப்புவதானால் நான்கு மூலையும் தெரிய எடுங்கள். எங்களில் ஒருவருக்கு எழுத்து மங்கிய படத்தால் இன்னொரு முறை கேட்டு எழுதினார்கள், அதில் அவருக்கு மூன்று வாரம் கூடிவிட்டது.

இந்த மாதங்களில் இன்னொரு ஆபத்தும் சுற்றிக்கொண்டிருக்கும். உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த லிங்கைத் தொட்டு வங்கி விவரம் கொடுங்கள் என்று எஸ்.எம்.எஸ். வரும். தொடாதீர்கள். பணம் எதிர்பார்த்துக் காத்திருக்கிறவர்தான் அதில் விழுவார். உண்மையாகவே ஏதாவது இருந்தால் ஈஃபைலிங்குக்குள் நீங்களாகப் போனால் தெரியும்.

புரட்டாசி முழுக்கக் காத்திருந்தோம். இங்கே புரட்டாசிக்கு ஒரு மாதம் கவிச்சி கிடையாது. சனிக்கிழமைதோறும் பெருமாளுக்குப் படையல் போட்டு, இலையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது அக்காமார்கள் நான்கு பேரும் முதலில் கேட்கிற கேள்வி, "வந்துச்சா?" இன்னும் இல்லை என்பேன். ஒருவர் மட்டும் தன் காகிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். ஜூலையில் அது எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருந்தவர்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். அத்தையும் நானும் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தோம். என் கையெல்லாம் மாவு. மேஜையில் போன் அதிர்ந்தது. மகன் எடுத்துப் பார்த்து, "அம்மா, பதினாலாயிரத்து ஐந்நூற்று முப்பத்தெட்டு ரேண்ட், நாற்பத்திரண்டு சென்ட்" என்று படித்தான். அத்தை எண்ணெய்ச் சட்டியைச் சிம்மில் வைத்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்துவரச் சொல்லிப் போட்டுக்கொண்டு, போனைத் தன் கையில் வாங்கி அந்த எண்ணைப் பார்த்தார்.

"சார்ஸுன்னு போட்டிருக்குதா?" என்றார்.

"போட்டிருக்கு அத்தை. இதோ, இங்கே."

அவர் விரலை அந்த எழுத்தின் மேல் வைத்து இன்னொரு முறை படித்தார். பிறகு போனை என்னிடம் தந்து, "அந்தக் காலர் தைக்கிற பொண்ணுக்கு வந்துதான்னு கேளு" என்றார். கையைக் கழுவிக்கொண்டு அக்காவுக்கு போன் போட்டேன்.